பதினொரு தொப்பி

போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். எனக்கு இது இரண்டாவது ஓய்வு. முதலாவது இந்தியாவில், ராணுவத்தில் ஹவில்தாராகப் பதினேழு வருடம் முடித்து. இரண்டாவது இங்கே டெக்சாஸில், ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே ஒரு துப்பாக்கி சுடும் மைதானத்தில் பதினெட்டு வருடம் முடித்து. அங்கே மாலை போட்டார்கள், இங்கே கேக் வெட்டினார்கள். மிச்சக் கேக்கோடு வீட்டுக்கு வந்தபோது என் மனைவி ஷமீமா கேட்டாள்.

"இனிமே எதைங்க எண்ணப் போறீங்க? வீட்ல நாம ரெண்டே பேருதான்."

நான் எதையும் எண்ணுகிற ஆள். என் நிக்காஹ் அன்றே பிரியாணி தேக்சாக்களை எண்ணி, ஒன்று குறைகிறது என்று மாமனாரிடம் சொன்னவன். விமான நிலையத்தில் பெட்டிகளை நான் எண்ணுகிற வேகத்தைப் பார்த்து என்னைத் தெரியாத மாதிரி ஷமீமா தள்ளி நின்றுகொள்வாள். இந்தப் பழக்கம் எப்படி வந்தது, எப்படி ஒரு நாள் என்னைக் கவிழ்த்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்காக இதைக் கேட்டவர், "பாய், ஆர்மி இருக்கு, கன் இருக்கு. நல்லா த்ரில்லா எழுதிக் குடுத்துடுங்க" என்றார். த்ரில்லுக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருப்பது ஒரு தப்பு. அதே வாரம் பழைய வேலையிடத்திலிருந்து சுடுவதை மேற்பார்க்கிற ரேஞ்ச் ஆபீசர்கள் இரண்டு பேர் போன் செய்தார்கள். மைதானத்துக்குப் புதிதாக மணிக்கட்டுப் பட்டை வந்திருக்கிறது. சுட வருகிற ஒவ்வொருவரும் ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். சுடும் கோட்டுக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று டேப்லெட்டில் உடனே தெரியும். "இனிமேல் உங்கள் அறிக்கையை வாசிக்க வேண்டுமா?" என்று கேட்டார்கள். அந்த அறிக்கை என் தப்பைப் பற்றியது. பத்து வருடமாக ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் வாசிக்கப்படுகிறது. ஆகவே இரண்டு தரப்புக்கும் சேர்த்து இதையே பதிலாக எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். மல்டி-கன் என்று பெயர். கைத்துப்பாக்கி, ரைஃபிள், ஷாட்கன் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் சுட வேண்டும். மூன்று பக்கமும் மண்மேடு எழுப்பிய ஒரு களம். உள்ளே பிளைவுட் சுவர்கள், ஜன்னல்கள், அட்டை உருவங்கள், இரும்புத் தட்டுகள். டைமர் பீப் என்றதும் ஓட ஆரம்பிக்க வேண்டும். ஒரு துப்பாக்கியில் வேலை முடிந்ததும் அதன் சேஃப்டியைப் போட்டு, ஒரு பீப்பாய்க்குள் இறக்கிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். குறியும் நேரமும் சேர்ந்துதான் மதிப்பெண். ராணுவத்தில் ரைஃபிளைத் தரையில் வைத்ததற்கே முட்டி தேய ஓட வைத்திருக்கிறார்கள். இங்கே ஒரு பல் டாக்டர் ரைஃபிளைப் பீப்பாய்க்குள் எறிந்துவிட்டு ஓடியதை முதல் தடவை பார்த்தபோது என் குழந்தையைக் கிணற்றில் போட்ட மாதிரி இருந்தது. பழகப் பழகப் பிடித்துவிட்டது. நிற்கிற இடத்தில் நின்று, சொன்னபோது சுட்டுப் பழகியவனுக்கு, இவர்கள் யோசித்துக்கொண்டே ஓடுவது பொறாமையாகவும் இருந்தது.

ஒருவர் சுட்டு முடித்ததும் துப்பாக்கிகள் காலி என்று காட்டி, "ரேஞ்ச் கிளியர்" என்று ரேஞ்ச் ஆபீசர் அறிவிப்பார். உடனே குழுவில் உள்ள எல்லாரும் உள்ளே போவார்கள். மதிப்பெண் எடுப்பார்கள், அட்டையில் விழுந்த ஓட்டைகளை மண்நிற ஸ்டிக்கரால் ஒட்டுவார்கள், விழுந்த தட்டுகளை நிமிர்த்துவார்கள். எல்லாரும் திரும்பி வந்த பிறகு அடுத்த ஆள். ஒரு நாளில் இது நூறு தடவைக்கு மேல் நடக்கும். ஆபத்து எங்கே இருக்கிறது என்று இதற்குள் உங்களுக்கே புரிந்திருக்கும்.

எனக்கு அது இருபத்தி இரண்டு வயதிலேயே புரிந்துவிட்டது. அப்போது நான் லான்ஸ் நாயக். பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இளையான்குடியிலிருந்து போன ஒல்லிப் பையன் ஒருவனை ஓட விட்டார்கள், திட்டினார்கள், சாப்பாடு போட்டார்கள், அவன் ஆளானான். ஒரு சுடும் மைதானத்தில் எனக்குப் பள்ளத்தில் வேலை. குறிப்பலகைகளுக்குக் கீழே ஆளுயரப் பள்ளம் இருக்கும். அதற்குள் நின்றுகொண்டு பலகையை ஏற்றி இறக்க வேண்டும், ஓட்டைகளை மைதாப் பசையால் ஒட்ட வேண்டும். பள்ளத்திலிருந்து போன் போன பிறகுதான் அந்தப் பக்கம் சுடலாம் என்பது விதி. அன்று பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று அவசரம். கிழிந்த பலகை ஒன்றைச் சரி செய்ய நான் மேட்டில் ஏறி நின்றிருந்தேன். போனுக்குக் காத்திராமல் சுபேதார் சாப் உத்தரவு கொடுத்துவிட்டார். என் காதோரம் சட் சட்டென்று காற்று கிழிந்தது. பசை டப்பாவோடு உள்ளே விழுந்தேன்.

சுபேதார் சாப் ஓடி வந்தார். நல்ல மனிதர்; எனக்கு லீவு கிடைக்காத ஈத் அன்று தன் கையால் சேமியா காய்ச்சிக் கொடுத்தவர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"யாருக்கும் அடி இல்லை. அப்போ ஒண்ணும் நடக்கலை. சரியா, காதர்?"

"சரி சாப்" என்றேன். பதிவேட்டில் ஒரு வரி கூட ஏறவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அதே மைதானம், அதே மாதிரி அவசரம். அன்று பள்ளத்தில் இருந்தவன் திருவண்ணாமலைப் பக்கத்து முனுசாமி, என் கட்டிலுக்கு அடுத்த கட்டில்காரன். முழங்காலுக்குக் கீழே அடிபட்டது. காலைக் காப்பாற்ற முடியவில்லை. அவனை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவன் என்னிடம் பீடி கேட்டான். எனக்கு நடந்ததை அவனிடம் நான் சொல்லவில்லை. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அந்த மைதானத்தில் யாராவது விழித்துக்கொண்டிருப்பார்கள். இதை எத்தனை விதமாக எனக்கு நானே மாற்றிச் சொல்லிப் பார்த்தாலும் விஷயம் அதுதான்.

அதிலிருந்துதான் எண்ண ஆரம்பித்தேன். எந்தப் பள்ளத்துக்கு எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று போன் வந்தாலும் எண்ணுவேன், வராவிட்டாலும் எண்ணுவேன். பயிற்சியாளராக ஆன பிறகு என் கணக்கு ஒரு தடவை கூடத் தப்பியதில்லை. அதில் எனக்குத் தலைக்கனமே உண்டு.

ஷமீமா நர்ஸ். ராணுவத்தை விட்டு ஏழெட்டு வருடம் ஊரில் இருந்த பிறகு, அவளுடைய கிரீன் கார்டில் ஒட்டிக்கொண்டு அமெரிக்கா வந்தவன் நான். பிளானோவில் ஒரு குடோனில் கொஞ்ச காலம் பெட்டி தூக்கினேன். பிறகு மைதானத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு டோல்வே சாலையில் வடக்கே போனேன். அப்போதெல்லாம் வீடுகள் முடிந்து சோளக்காடு ஆரம்பிக்கிற இடம் அது. இப்போது மண்மேட்டில் ஏறினால் யாரோ வீட்டு நீச்சல் குளம் தெரிகிறது.

அங்கே தலைமை ரேஞ்ச் ஆபீசர் டார்லீன். அமெரிக்க ராணுவத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், வைக்கோல் தொப்பி, கன்னத்தில் எப்போதும் சூரியகாந்தி விதை. அவர் பேசியது டெக்சாஸ் இங்கிலீஷ். இங்கே என் தமிழில் எழுதுகிறேன். நேர்முகத்தில் துப்பாக்கியைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

"நடப்பியா?" என்றார்.

"ராணுவத்தில பதினேழு வருஷம் நடந்திருக்கேன், மேம்."

"அது மத்தவங்க சொல்லி நடந்தது. இங்க உன்னை யாரும் பார்க்க மாட்டாங்க. அப்பவும் நடப்பியா?"

அவருடைய முறை இது. குழு திரும்பி வந்த பிறகு ரேஞ்ச் ஆபீசர் தனியாகக் களத்துக்குள் போக வேண்டும். ஒவ்வொரு சுவருக்கும் பின்னால் கண்ணால் பார்க்க வேண்டும். கடைசியில் மண்மேட்டின் அடியில் நட்டிருக்கும் மரக்கட்டையில் உள்ளங்கையை வைக்க வேண்டும். பிறகு திரும்பி வந்து அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவையும். மழையிலும் இதுதான். கட்டைகள் எல்லாம் கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகியிருந்தன.

"எண்ணினாலே போதுமே, மேம்?" என்று முதல் வாரமே கேட்டேன்.

விதைத் தோலைத் துப்பிவிட்டு, "எண்ணு. எண்ணிட்டு நட" என்றார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. விதியை மீறி யாராவது துப்பாக்கி முனையைத் திருப்பிவிட்டால் அன்றைய போட்டியிலிருந்து உடனே வெளியேற்றிவிடுவார். சத்தம் போட மாட்டார். தோளில் கை வைத்து, "இன்னைக்கு உனக்கு முடிஞ்சது. வா, சாப்பிடலாம்" என்பார். வெளியேற்றியவரோடு அவரே உட்கார்ந்து சாப்பிடுவார். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த மேஜையில் கோபம் அடங்கிவிடும். ஒரு வக்கீல் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டு வருடம் அவர் சொன்னபடி நடந்தேன். மனதுக்குள் மட்டும், நடப்பது எண்ணத் தெரியாதவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாள் ஜூலையில் வந்தது. பெரிய போட்டி. என் குழுவில் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறத் தொப்பி கொடுத்திருந்தார்கள், எங்களுடையது ஆரஞ்சு. வெயில் சட்டியில் வறுத்தது. என் இடது முட்டி வீங்கியிருந்தது. பின்னால் இரண்டு குழு காத்திருந்தது. காலையில் நடந்தேன். மதியத்துக்கு மேல் நான் நடக்கவில்லை. கோட்டில் நின்றபடியே ஆரஞ்சுத் தொப்பிகளை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் கணக்கு சரியாக வந்தது. அப்படி வர வர எனக்குத் தைரியமும் வந்தது.

கடைசிச் சுற்று. சுட வேண்டியவள் வித்யா. பொள்ளாச்சிப் பெண், பிளானோவில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. ஆபீஸ் நண்பர்களோடு ஒரு நாள் வேடிக்கைக்கு வந்து, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுட்டவள். ஐந்து வருடத்தில் பெண்கள் பிரிவில் முதல் மூன்றுக்குள் வந்துவிட்டாள். அன்று அவள்தான் முன்னணியில் இருந்தாள்; இந்தச் சுற்றை ஒழுங்காக முடித்தால் கோப்பை அவளுக்கு. அவள் கணவன் செந்திலுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. அன்றுதான் முதல் தடவையாக மைதானத்துக்கு வந்திருந்தான், ஒரு ஃபிளாஸ்க் நிறைய மோரோடு.

"என்னங்க, வெயில் இந்தப் போடு போடுது, என்ற கேப்பைப் போட்டுக்கோங்க. எனக்கு இயர்மஃப்புக்கு இடிக்குது" என்றாள் வித்யா.

"நான் டென் மினிட்ஸ்ல கிளம்பிடறேன். பாப்பாவை டான்ஸ் கிளாஸ்ல பிக்கப் பண்ணணும்" என்றான் செந்தில். ஆனாலும் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

இந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் தொப்பிகளைத்தான் எண்ணினேன். வித்யா என் பக்கத்தில் நிற்கிறாள். அப்படியென்றால் பின்னால் பதினொரு தொப்பி இருக்க வேண்டும். இருந்தது. ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கி எண்ணினேன். பதினொன்று.

உள்ளே எர்ல் இருந்தார். பள்ளிக்கூடத்தில் பேண்ட் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முரசுச் சத்தத்தில் பாதிக் காது போயிருந்தது. மீதிக் காதையும் பஞ்சு வைத்து, அதற்கு மேல் சத்தம் தடுக்கும் மஃப் போட்டு மூடியிருந்தார். ஸ்டிக்கர் ஒட்டுவதில் அவரைப் போல ஒரு சுத்தக்காரரைப் பார்க்க முடியாது. மூலை மூலையாக விரலால் தேய்த்து ஒட்டுவார். மற்றவர்கள் எல்லாம் வந்த பிறகும் மூன்றாவது சுவருக்குப் பின்னால் மண்டியிட்டு ஓர் அட்டையை ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் களங்களில் வெடிச்சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததால் எங்கள் களத்தின் சத்தம் அவருக்குத் தனியாகத் தெரியவில்லை.

"லோட் அண்ட் மேக் ரெடி" என்றேன். வித்யா கைத்துப்பாக்கியை நிரப்பி உறையில் வைத்தாள்.

"ஆர் யூ ரெடி?" தலையசைத்தாள்.

"ஸ்டாண்ட் பை." பீப்.

ஓடினாள். நான் இரண்டடி பின்னால். ரேஞ்ச் ஆபீசரின் கண் சுடுகிறவரின் கையில்தான் இருக்க வேண்டும், குறியில் அல்ல. முதல் ஜன்னலில் துப்பாக்கி மேலே ஏறியது. விரல் ட்ரிகர் வளையத்துக்குள் போனது. சத்தம் வரவில்லை. ஒரு நொடி. துப்பாக்கி சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். அப்போது அவள் விரல் வெளியே வந்து நேராக நீண்டது. முனை காலடி மண்ணுக்கு இறங்கியது. அந்த மைதானத்தில் அதுவரை இங்கிலீஷ் மட்டுமே பேசியவள் தமிழில் கத்தினாள்.

"அங்கிள், ஆள்!"

"ஸ்டாப்!" என்று நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அவள் குறிவைத்திருந்த அட்டையின் ஓரத்தில் ஒரு கை. அது ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, மூலையைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தது.

துப்பாக்கியைக் காலி செய்ய வைத்தேன். கட்டளை வார்த்தைகள் தானாக வாயில் வந்தன. எர்ல் முட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு சுவருக்குப் பின்னாலிருந்து வந்தார்.

"என் டர்னா?" என்று கேட்டார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மதிப்பெண் குறிக்கிறவர் டேப்லெட்டோடு என் பக்கத்தில் வந்து, "டைமர் ரிப்பேர்னு போட்டுடறேன். அவங்க மறுபடி சுடட்டும்" என்றார். எர்ல் விஷயத்தைக் கேட்டதும் என் முதுகில் தட்டினார். "தப்பு என்னோடது, சார்ஜண்ட். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஒண்ணும் நடக்கலைன்னு வெச்சுக்கலாம்."

முப்பது வருடத்துக்கு முன் பள்ளத்தில் கேட்ட அதே பேச்சு. அன்றும் அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்குச் சரி என்று சொல்ல ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். அந்த வேலையை நான் விரும்பினேன். அந்த வயதில் மறுபடி குடோனில் பெட்டி தூக்க என்னால் முடியாது.

வித்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள். செந்தில் ஆரஞ்சுத் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றான். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சுட்டிருந்தா, அங்கிள்?"

"நீ சுடலம்மா."

"நீங்க ரெடியான்னு கேட்டீங்கல்ல? நீங்க உள்ள பார்த்தாச்சுன்னுதானே அதுக்கு அர்த்தம்?"

"ஆமா" என்றேன். "ஆனா நான் பார்க்கலம்மா."

இதைச் சொன்ன பிறகு மற்றது சுலபமாகிவிட்டது. களத்தை மூடச் சொல்லிவிட்டு டார்லீனிடம் நடந்தேன். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். மதியத்திலிருந்து நடக்கவில்லை என்பதையும் சேர்த்து. அவர் விதை மெல்லுவதை நிறுத்தினார்.

"எத்தனை எண்ணின?"

"பதினொண்ணு, மேம்."

"எத்தனை இருக்கணும்?"

"பதினொண்ணு."

"அப்போ உன் கணக்கு சரி" என்றார். என் கையிலிருந்து டைமரை வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். களத்துக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் சுவர், இரண்டாவது சுவர், மூன்றாவது சுவர். எர்ல் மண்டியிட்ட இடத்தில் இரண்டு குழி பதிந்திருந்தது. கடைசிக் கட்டையில் என்னைக் கை வைக்கச் சொன்னார். கட்டை சுட்டது. திரும்பும்போது என் தோளில் கை வைத்தார்.

"இன்னைக்கு உனக்கு முடிஞ்சது. வா, சாப்பிடலாம்."

பன்றி இறைச்சி இல்லாததாகப் பார்த்து எனக்கு ஒரு டூனா சாண்ட்விச் எடுத்து வைத்தார். "வேலை போயிடுமா, மேம்?" என்று கேட்டேன். "இன்னைக்கு ராத்திரி தூங்கு. தூங்க முடியும்னு நினைக்கிறேன்" என்றார். வீட்டுக்குப் போய் ஷமீமாவிடம் சொன்னேன். அவள் இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதுவிட்டு வந்து சோறு போட்டாள். ஆச்சரியம், நான் தூங்கினேன். பள்ளத்தில் விழுந்த நாளில் தூங்கவில்லை.

வித்யா அன்று மறுபடி சுடவில்லை. சுடும்படி டார்லீன் சொல்லியும், இன்றைக்குப் போதும் என்று மறுத்துவிட்டாள். கோப்பை வேறு ஒருவருக்குப் போனது. சில வாரம் கழித்து அவளிடம் கேட்டேன், நான் எல்லாம் சரி என்று சொல்லியும் எப்படி நிறுத்தினாய் என்று.

"நீங்க சொன்னதுக்காவ நான் சுடறதில்லீங்க அங்கிள். டார்கெட்டை நான் பார்த்தாத்தான் ட்ரிகரை பிரெஸ் பண்ணுவேன். அதுல கை ஒண்ணு எக்ஸ்ட்ரா இருந்துச்சு, அவ்ளோதானுங்க."

இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்த ஜன்னலில் நான் நின்றிருந்தால் சுட்டிருப்பேன். எனக்குப் பழக்கியது அப்படி. உத்தரவு கொடுத்தவர் பார்த்திருப்பார் என்று நம்புவதுதான் சிப்பாய்க்குப் பாதி பலம். அந்த நம்பிக்கை இல்லாமல் படை நகராது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த நம்பிக்கையால்தான் முனுசாமி காலை இழந்தான் என்பதையும் மறக்க முடியாது. சுட்டவன் யாரென்று அவனுக்குக் கூடத் தெரியாது. சுட்டவனும் நல்ல சிப்பாய்தான், சொன்னபோது சுட்டான்.

வேலை போகவில்லை. ஒரு மாதம் மைதானத்துக் கடையில் சீட்டு கொடுக்கிற வேலை தந்தார்கள். பிறகு அடுத்த போட்டியின் பாதுகாப்புக் கூட்டத்தில் டார்லீன் ஒரு தாளை என் கையில் கொடுத்தார். அந்த நாளைப் பற்றிய அறிக்கை, என் பெயரோடு. "வாசி" என்றார். நூறு பேர் முன்னால் வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றிய மாதிரி இருக்கும் என்று பயந்தேன். மாறாக, வாசித்து முடித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. எழுதாமல் விட்ட வரி எழுதப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு போட்டிக்கும் நானே கேட்டு வாங்கி வாசித்தேன். டார்லீன் ஓய்வு பெற்று அவர் தங்கை வீட்டுக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை.

முதல் தடவை வாசித்த வாரமே முனுசாமியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவனுக்கு முன்னால் எனக்கு நடந்ததையும், நான் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன்.

"டேய் காதரு, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்டா" என்றான். போனை வைத்துவிட்டான். ஒரு வருடம் பேசவில்லை. அடுத்த வருடம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினான். போய்விட்டு வந்தேன். பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான்.

இப்போது பட்டைக்கு வருகிறேன். வரட்டும். நல்ல விஷயம். தொப்பியை எண்ணுவதை விடப் பட்டை எண்ணுவது மேல், அதற்கு முட்டி வலிக்காது. வாசிக்க வேண்டுமா என்று கேட்டீர்களே, அதற்கு என் கடைசி நாளில் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று எனக்கு வேலை எதுவும் தரவில்லை. நாற்காலி போட்டு, மடியில் கேக் தட்டைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். வித்யா இப்போது சனிக்கிழமைகளில் ரேஞ்ச் ஆபீசர். அந்த நாளுக்குப் பிறகு அதற்கென்றே பயிற்சி எடுத்துக்கொண்டாள். ஓட்டை ஒட்டப் போன குழு திரும்பி வந்தது. எல்லார் கையிலும் அன்று சோதனைக்குக் கொடுத்த புதுப் பட்டை. டேப்லெட் வைத்திருந்தவர் சத்தமாகச் சொன்னார், "உள்ளே பூஜ்யம். பச்சை. நீங்க நடக்க வேண்டாம், மேம்."

வித்யா தலையாட்டிவிட்டு நடந்தாள். முதல் சுவரைத் தாண்டினாள், இரண்டாவதைத் தாண்டினாள். எனக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன் கப் வைக்கிற வளையத்தில் ஏதோ தொங்கியது. குனிந்து பார்த்தேன். ஒரு மணிக்கட்டுப் பட்டை. கையில் அரிக்கிறது என்று அதன் சொந்தக்காரர் காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது சுவருக்குப் பின்னாலிருந்து வித்யாவின் குரல் கேட்டது, சிரிப்போடு.

"அங்கிள், ஆள்!"

பின்னாலேயே எர்ல் வந்தார், ஸ்டேப்ளரோடு. "என் டர்னா?" என்று கேட்டார். துப்பாக்கிகள் எல்லாம் பைக்குள் இருந்தன.